பார்வை போன பூனையும் பயன் பார்க்கும் மனிதனும்

மூன்றாம் ஆண்டு, விலங்கியல்

"பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டு போகுமா?" என்று கேட்பது நம் நாட்டுப் பழமொழி. தன் அறியாமையை உலகத்துக்கே அளவாகக் கொள்ளும் மனிதரை இடித்துரைக்க எழுந்தது அது. பூனையைப் பற்றி நம்மவர் சொல்லி வைத்தவை பெரும்பாலும் இப்படிப்பட்டவைதாம். துணிந்து முடிவெடுக்காதவன் மதில்மேல் பூனை. சாதுபோல் நடிப்பவனைக் கண்டால் இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிறோம். வழியில் குறுக்கிட்டால் சகுனத்தடை என்று வீட்டுக்குத் திரும்பி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுகிறோம். இத்தனை பேச்சிலும், பூனைக்கு நோய் வந்தால் அதனோடு வாழ்பவன் என்ன செய்யவேண்டும் என்பதற்கு ஒரு சொல் கிடையாது. உண்மையாகவே ஒரு பூனைக்கு உலகம் இருண்டு போனால் நம் கடமை என்ன? இந்த வினாவை நம் கல்லூரி மலரின் வாசகர் முன் வைக்க விரும்புகிறேன்.

இதற்குப் பொதுவாக மூன்று விடைகள் தரப்படுகின்றன. ஒன்று, சாக்கில் கட்டி வைகைக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுவது. இரண்டு, ஊசி போட்டுக் கதையை முடித்துவிடுவது. மூன்று, கண்டும் காணாமல் இருந்து அது தானாக ஒழியட்டும் என்று காத்திருப்பது. இம்மூன்றும் தவறு என்பதும், நான்காவது வழி ஒன்று நம் போன்ற எளிய குடும்பங்களின் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது என்பதும் என் கருத்து.

வெறும் ஏட்டறிவைக் கொண்டு இதனை எழுதவில்லை. பரமக்குடியில் எங்கள் வீடு நெசவு வீடு. கூடத்தில் குழித்தறி. தறி உள்ள வீட்டில் பூனை இருப்பது ஆடம்பரம் அன்று. பாவுக்குக் கஞ்சி போடுகிறோம். அந்தக் கஞ்சியின் மணத்துக்கு எலி வரும். ஓரிரவில் எலி கடித்த பாவை முடிச்சுப் போட்டு ஒட்டுவதற்குள் இரண்டு நாள் கூலி போய்விடும். எங்கள் வெள்ளச்சி குட்டியாக வந்த நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் அந்தக் கேடு எங்கள் பாவை அண்டவில்லை. சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அவள் வழக்கத்துக்கு மாறாக நிறையத் தண்ணீர் குடித்தாள், உடல் இளைத்தாள். பின்னர் ஒருநாள் காலை, பழகிய கதவு நிலையிலேயே முட்டிக்கொண்டு நின்றாள். பட்டப்பகல் வெளிச்சத்திலும் கண்ணின் கருமணி முழுதும் விரிந்தே இருந்தது.

கால்நடை மருத்துவர் சோதித்துவிட்டுச் சொன்ன செய்தி எங்களுக்குப் புதியது. நோய் தொடங்கிய இடம் கண் அன்று, சிறுநீரகம். வயது முதிர்ந்த பூனைகளுக்கு இந்நோய் மிகுதியாக வரும். சிறுநீரகத்தின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பழுதான பின்னரே அறிகுறி வெளியே தெரியும். சிறுநீரகம் கெட்டால் இரத்த அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் விழித்திரையின் நுண்ணிய குழாய்களைத் தாக்கும். நீர் கசிந்து, விழித்திரை தன் இடத்தை விட்டுப் பிரிந்துவிடும். பூனை ஒரே இரவில் குருடாவது இவ்வாறுதான். உடனே அழுத்தத்தைக் குறைத்தால் சில பூனைகளுக்குப் பார்வை ஓரளவு திரும்புவதுண்டு. வெள்ளச்சிக்குத் திரும்பவில்லை.

இரத்த அழுத்தத்துக்கு மருத்துவர் எழுதித் தந்தது அம்லோடிபின் என்னும் மாத்திரை. என் அப்பத்தா நாள்தோறும் விழுங்குவதும் அதே மருந்துதான். பூனைக்கு அதில் ஒரு சிறு துணுக்கே போதும். அந்த அளவையும் மருத்துவரே குறித்துத் தரவேண்டும். மருந்தின் பெயர் ஒன்று என்பதால் மனிதருடைய மாத்திரை எல்லாம் பூனைக்கும் ஆகும் என்று எண்ணிவிடக் கூடாது. காய்ச்சலுக்கு நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. அதனை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு; ஒரே மாத்திரை உயிரைப் பறித்துவிடக் கூடும். அன்பு மிகுதியால் இதனைக் கரைத்து ஊட்டுகிறவர்கள் இருப்பதால் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

இனி முதல் விடைக்கு வருவோம். "ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட்டால் எப்படியோ பிழைத்துக்கொள்ளும்" என்று எங்கள் தெருவில் பலர் சொன்னார்கள். கண் தெரியாத விலங்கு புதிய இடத்தில் எப்படிப் பிழைக்கும்? அது இதுவரை வாழ்ந்தது தன் வீட்டின் நீள அகலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு. அந்த ஒரு சொத்தையும் பிடுங்கிக்கொண்டு அதனைத் தெரு நாய்களிடையே விடுவதற்குப் பெயர் விடுதலையா? 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி ஒரு விலங்கைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் முறை குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை என்பது வேறு கதை. அந்தச் சட்டம் பிறக்க மாநிலங்களவையில் வாதாடியவர் நம் தமிழகத்தின் ருக்மிணி தேவி அருண்டேல் என்பதையும், 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர் என்பதையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நடனத்துக்காக அவரை நினைவில் வைத்திருக்கும் நாம், வாயற்ற உயிர்களுக்காக அவர் பேசியதை மறந்துவிட்டோம். 1976-இல் நிறைவேறிய 42-ஆவது திருத்தம், உயிர்களிடத்தில் இரக்கம் காட்டுவதைக் குடிமகனின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தது. போட்டித் தேர்வுக்காக 51-ஏ என்று உருப்போடுகிறோம். அது நம் வீட்டுத் தாழ்வாரத்துக்கும் பொருந்தும் என்று நினைப்பதில்லை.

இரண்டாவது விடை சற்று நாகரிகமானது. "கண்ணும் தெரியாமல், நோயோடும் கிடந்து துன்பப்படுவதைவிட ஊசி போட்டுவிடுவது கருணை அல்லவா?" என்று என் வகுப்புத் தோழர்களே கேட்டனர். விலங்கியல் பயிலும் நாம் உணர்ச்சிவசப்படக் கூடாது என்பது அவர்கள் வாதம். நான் விலங்கியலைக் கொண்டே விடை சொல்கிறேன்.

பார்வை போனால் வாழ்வே போயிற்று என்பது மனிதனின் அச்சம். அந்த அச்சத்தைப் பூனையின் தலையில் ஏற்றுகிறோம். மனிதச் செவிக்கு எட்டுவது நொடிக்கு 20,000 அதிர்வு வரை. பூனையின் செவிக்கோ ஏறத்தாழ 64,000 வரை எட்டும். காது மடலைத் தனித்தனியே திருப்பி, ஒலி பிறந்த இடத்தை அது குறித்துக்கொள்ளும். மீசை மயிர்கள் முகத்தில் மட்டும் இல்லை. முன்னங்கால்களின் பின்புறத்திலும் உண்டு. அவற்றின் வேரில் நிறைந்திருக்கும் நரம்புகள் காற்றின் சிறு அசைவையும் உணர்த்தும். நாளைக்கு நான் எப்படி வாழ்வேன் என்று ஏங்குவது பூனைக்கு இல்லை. இன்றைக்குச் சோறு எங்கே, தண்ணீர் எங்கே, படுக்கை எங்கே என்பதே அதன் வினா. அவ்வினாவுக்கு விடை மாறாமல் இருக்குமாறு பார்த்துக்கொண்டால் குருட்டுப் பூனை நன்றாகவே வாழும்.

நாங்கள் செய்தவை எல்லாம் எளிய ஏற்பாடுகள். வேலை இல்லாத நேரத்தில் தறிக்குழியைப் பலகை போட்டு மூடினோம். கிணற்றடிக்குப் போகும் கதவுக்குக் குறுக்கே தட்டி வைத்தோம். சோற்றுத் தட்டு, தண்ணீர்ச் சட்டி, மணல் தட்டு மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கும். பெருக்கும்போதும் இடம் மாற்றுவதில்லை. அவளைத் தூக்கினால் கூடத்தின் நடுவில் இறக்கிவிடாமல் சோற்றுத் தட்டின் பக்கத்தில்தான் இறக்குகிறோம்; அங்கிருந்து மற்ற இடங்களுக்கு அவளுக்கு வழி தெரியும். பகலில் தறி ஓடும் ஓசையே அவளுக்குத் திசைகாட்டி. அப்பா தறியை நிறுத்தினால் அவளும் நடப்பதை நிறுத்தி, ஓசை மறுபடி எழும்வரை அதே இடத்தில் உட்கார்ந்திருப்பாள்.

இவற்றுள் மிகச் சிறந்த பாடத்தைக் கற்பித்தவர் பள்ளிக்கூடத்தின் படியேறாத என் அப்பத்தா. புரை வளர்ந்து இரு கண்ணும் மங்கியிருந்த காலம் அவருக்கும் உண்டு. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் முகாம் ஒன்றில்தான் அவர் பார்வை பெற்றார். வெள்ளச்சி திடுக்கிட்டுச் சீறியதைக் கேட்டு அவர் சொன்னார்: "தொடுறதுக்கு முன்னாடி பேருசொல்லிக் கூப்பிடுய்யா. கண்ணு தெரியாம இருக்கையில நோவக்கூட பொறுத்துக்கலாம். யாரு தொடுறாங்கன்னு தெரியாமத் தொட்டாத்தான் உசுரு போயிரும்." அன்று முதல் எங்கள் வீட்டில் யாரும் பேசாமல் அவளைத் தொடுவதில்லை. எந்தப் பாடநூலிலும் நான் படிக்காத செய்தி இது. பார்வையற்ற மனிதரிடமும் நாம் இவ்வாறு நடந்துகொள்கிறோமா என்று எண்ணிப் பார்த்தேன். பேருந்து நிலையத்தில் வாய் திறவாமல் அவர்கள் கையைப் பற்றி இழுத்துச் செல்வோரைத் தினமும் காண்கிறோமே!

ஆதலின், குருடு என்னும் ஒரே காரணத்துக்காக ஒரு பூனையைக் கொல்வது கருணை ஆகாது என்கிறேன். ஆனால் நோயின் வேதனை வேறு, பார்வையின்மை வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஒரு சாரார் அவசரப்பட்டுக் கொல்கிறார்கள். மற்றொரு சாரார் பாவத்துக்கு அஞ்சி, வலியில் துடிக்கும் உயிரைப் பல நாள் கிடத்தி வைக்கிறார்கள். சிறுநீரக நோய் முற்றிலும் குணமாகக் கூடியது அன்று. மாத்திரையும், ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கடியில் ஏற்றும் சலைனும் நாளை நீட்டித் தருகின்றன. அந்தச் சலைனை ஏற்றும் முறையை மருத்துவர் எனக்கே கற்றுக்கொடுத்தார். அவரோடு கலந்து ஓர் உடன்பாடும் செய்திருக்கிறோம். தானாக உண்கிறாளா? தன் உடலைத் தானே நக்கித் தூய்மை செய்துகொள்கிறாளா? கூப்பிட்டால் திரும்புகிறாளா? இம்மூன்றும் நின்று, மருந்தாலும் அவை மீளாத நாள் வந்தால், வலியின்றி உறங்கவைக்கும் ஊசியை அவர் எங்கள் வீட்டுக்கே வந்து போடுவார். அந்த நாளைப் பூனையின் உடல் சொல்லவேண்டும். எங்கள் சலிப்பு சொல்லக் கூடாது.

மூன்றாவது விடைதான் நம் ஊர்களில் அதிகம். தானாக ஒழியட்டும் என்று விட்டுவிடுவது. இதில் யாரும் கொல்வதில்லை. ஆகையால் பாவம் இல்லை என்று நினைக்கிறோம். ஆனால் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து உண்ணாத பூனையின் ஈரலில் கொழுப்புச் சேர்ந்து அதுவே தனி நோயாகி உயிரை வாங்கும் என்பதை அறிந்தவர்கள், பேசாமல் இருப்பதும் ஒரு செயல்தான் என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

"மனிதனுக்கே மருந்தில்லாத நாட்டில் பூனைக்கு வைத்தியமா?" என்பது எல்லாக் கேள்விகளிலும் கனமானது. இதனை என் தந்தையே கேட்டார். மாதம் ஏறத்தாழ 500 ரூபாய் செலவு என்பது தறிக்கூலியில் வாழும் வீட்டுக்குச் சிறிய தொகை இல்லை. அந்த 500 ரூபாயும் கிடைக்காத வீடுகள் இருக்கின்றன. அவர்கள் மேல் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இக்கேள்வியை மற்றவர்களிடம் உரக்கக் கேட்பவர்கள், பூனைக்குச் செலவிடாமல் மிச்சப்படுத்திய பணத்தை எந்த ஏழையின் மருந்துக்குக் கொடுத்தார்கள் என்று நான் தேடிப் பார்க்கிறேன்; காணோம். எங்கள் வீட்டில் நடந்தது வேறு. காலை எட்டு மணிக்குப் பூனைக்கு மாத்திரை கொடுக்கவேண்டும் என்பதால் அப்பத்தாவின் மாத்திரைக்கும் அதுவே நேரம் ஆயிற்று. வாரத்தில் இரண்டு நாள் மறந்துபோன அவருடைய மாத்திரை இப்போது மறந்துபோவதில்லை. பூனையைக் கவனிக்கப் பழகிய கை, வீட்டு மனிதரையும் கூடவே கவனிக்கிறது.

தந்தையின் கேள்விக்கு அப்பத்தா தந்த விடை வேறு விதமானது. "பன்னெண்டு வருசம் பாவக் காத்துச்சே, கூலியா குடுத்தோம்? இப்பக் குடு" என்றார். தந்தை அதன்பின் பேசவில்லை. அந்த விடையின் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆயினும் அது முழு விடை ஆகாது. உழைத்ததற்குக் கூலி என்றால், ஒரு எலியும் பிடிக்காத பூனைக்கு என்ன கணக்கு? கண்ணில்லாமலே பிறந்த குட்டிக்கு என்ன கணக்கு? பயனைக் கொண்டு உயிரை எடை போடத் தொடங்கினால் அத்தராசு பூனையோடு நிற்காது. நாளை அதே தராசில் அப்பத்தாவையும் வைப்போம்.

என் விடை இது. மனிதன் தானியத்தைச் சேர்த்து வைத்தான். தானியத்துக்கு எலி வந்தது. எலிக்குக் காட்டுப்பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனிதனுக்கு அருகிலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்டார்கள். அத்தனை நெடுங்காலமாக நம் வாசலில் வளர்ந்த விலங்கு, நோயுற்ற காலத்தில் நம்மைத் தவிர வேறு புகலிடம் இல்லாதது. சார்ந்து நிற்கும்படி நாமே பழக்கிய உயிரைச் சார்பில்லாமல் ஆக்குவது நம்பிக்கைத் துரோகம். பயன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கடன் நிற்கிறது.

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை மேடைதோறும் புகழ்கிறோம், பட்டிமன்றத்தில் கைதட்டுகிறோம். பயிருக்கும் இரங்கிய வள்ளலார் 1867-இல் வடலூரில் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிவதைப் பெருமையோடு பேசுகிறோம். இவ்விருவரில் நமக்கு இன்று அதிகம் தேவைப்படுபவர் வள்ளலார் என்பேன். தேர் கொடுப்பது ஒருநாள் செயல். கொடுத்தவன் புகழோடு நடந்து போகலாம். அடுப்பு அணையாமல் இருக்கவேண்டுமானால் யாராவது தினமும் விறகு வைக்கவேண்டும். நோயுற்ற உயிரைப் பேணுவதும் அப்படித்தான்: விடிந்தால் மாத்திரை, அடைந்தால் மணல் தட்டு. பார்ப்பவர் யாரும் இல்லை. கைதட்டுபவர் யாரும் இல்லை.

நோய் வந்தபின் பேணுவதைவிட வராமல் காப்பது எளிது என்பதையும் சொல்லவேண்டும். பூனைக்குப் பாற்சோறும் தயிர்ச்சோறும் மட்டுமே வைக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. டாரின் என்னும் சத்து இல்லாத உணவால் பூனையின் விழித்திரை அழிந்துபோகும் என்பது 1975-இல் வெளியான ஆய்விலேயே தெளிவாயிற்று. அச்சத்து இறைச்சியிலும் மீனிலும் உண்டு, சோற்றில் இல்லை. நம் கொள்கை எதுவாயினும் பூனை ஊனுண்ணி. கொள்கைக்காக அதன் கண்ணைக் கெடுக்க நமக்கு உரிமை இல்லை. குட்டிகளின் கண்ணைப் பழுதாக்கும் பூனைச் சளிக்கும், கொத்துக் கொத்தாகக் குட்டிகளைக் கொல்லும் கொள்ளை நோய்க்கும் தடுப்பூசி இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே நம் தெருக்களில் பலருக்குத் தெரியாது.

இறுதியாக நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. 1989-இல் கால்நடை மருத்துவத்துக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் கண்ட மாநிலம் நம்முடையது. அறிவுக்கு இங்கே பஞ்சமில்லை. அது தெருவுக்கு வரவேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் சிற்றூர்களில் தங்கிப் பணியாற்றும்போது கால்நடை மருத்துவ முகாம் நடத்துவது வழக்கம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் அங்கே ஊசி போடுகிறார்கள். வரும் ஆண்டின் முகாமில் பூனைக்கும் நாய்க்கும் ஒரு மேசை போடவேண்டும். தடுப்பூசி போடலாம், கருத்தடைக்குப் பெயர் பதிந்துகொள்ளலாம், பாராசிட்டமால் நஞ்சு, பாற்சோறு மட்டும் போதாது, கண் தெரியாத விலங்கைப் பெயர் சொல்லித் தொடு என்னும் மூன்று செய்திகளை ஒரு துண்டுத்தாளில் அச்சிட்டு வழங்கலாம். விலங்கியல் துறை மாணவர்கள் அந்த மேசையில் உட்கார அணியமாக இருக்கிறோம். மருத்துவரை அழைத்துவரும் பொறுப்பைத் திட்ட அலுவலர் ஏற்றால் போதும்.